பிள்ளையும் நூல்நிலையமும்

எழுத்தறியாப் பிள்ளையை நூல்நிலையத்துக்கு அழைத்துச் செல்வதாற் பயன் யாது என்று கேட்கும் பெற்றோர் நம்மிடையே பலர். ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கு உதவாத புத்தகத்தைத் தொடுவதே வீண்பொழுது என்று எண்ணுவோர் அவரினும் பலர். இரு சாராரும் நாம் கூறுவதைச் சற்றுப் பொறுமையுடன் செவிமடுப்பாராக.

பள்ளிக்கூடத்திலே புத்தகம் பிள்ளையைத் தேடி வருகிறது. நூல்நிலையத்திலோ பிள்ளை புத்தகத்தைத் தேடிப் போகிறது. யானைப் படம் போட்ட ஒன்றை எடுத்து இரண்டு பக்கம் புரட்டுகிறது. பிடிக்கவில்லையெனின் வைத்துவிட்டு வேறொன்றை எடுக்கிறது. தானே தெரிதல், வேண்டாததை விடுதல் என்னும் இவ்வுரிமை நாலு வயதுப் பிள்ளைக்கு நம் வீடுகளிலே வேறெதிற் கிடைக்கிறது? உடுப்பைத் தெரிபவளும் தாய். உணவைத் தெரிபவளும் அவளே. ஆகவே, தாய்மாரே, "அது வேண்டாம், இதை எடு" என்று அங்கேயும் குறுக்கிடாதீர்கள்.

இரவல் வாங்குதல் இன்னொரு பாடம். திருப்பிக் கொடுக்கவேண்டிய திகதியே நாட்காட்டியின் பயனைப் பிள்ளைக்கு முதன்முதல் உணர்த்துகிறது. தனக்குப் பின்னும் ஒரு பிள்ளை இதற்குக் காத்திருக்கிறது என்று அறிந்தால், தாளை மடிக்க அதன் கை கூசும். அமைதியையும் அங்கே பழகலாம். எனினும், சிறுவர் பகுதியிலே எழும் சிரிப்பொலிக்கு முகஞ்சுளிக்க வேண்டியதில்லை என்பது எம் எண்ணம்.

சற்று வளர்ந்த பிள்ளைக்குப் புத்தக முதுகில் ஒட்டிய இலக்கமும் விளங்கத் தொடங்கும். அமெரிக்கரான மெல்வில் டூயி 1876 இல் வெளியிட்ட தசமப் பகுப்பு இன்று வழங்கும் வகையிலே, பறவைகளுக்கு 598. யானை முதலிய பாலூட்டிகளுக்கு 599. உலகத்துப் பொருள்களை இனம்பிரித்து அடுக்கலாம் என்பதை ஒருவரும் போதியாமலே பிள்ளை கண்டுகொள்கிறது.

யாழ்ப்பாணப் பிள்ளைகளுக்கு வேறொன்றையும் சொல்லவேண்டும். அங்குள்ள பொது நூலகம், 1933 இல் கே. எம். செல்லப்பா என்பவர் தம் வீட்டிலே நூல்களை இரவல் கொடுத்ததில் முளைத்தது. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதனின் ஆலோசனையோடு எழுந்த கட்டடம் 1959 இல் திறக்கப்பட்டது. சிறுவர் பகுதி 1967 இல் வந்தது. 1981 இல் அது தீயிடப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பராயின. புதுப்பிக்கப்பட்டு 2003 இல் மீண்டும் திறக்கப்பட்டது.

வெள்ளைக் கட்டடத்தின் படிகளில் ஏறும் ஆறு வயதுப் பிள்ளை, "புத்தகத்தை ஏன் எரித்தார்கள்?" என்று கேட்கும். "நீ வளர்ந்தபின் சொல்கிறேன்" என்று தட்டிக்கழிப்பது தகாது. அதன் வயதுக்கேற்ற விடையை வீட்டிலிருந்தே யோசித்துக்கொண்டு புறப்படுங்கள்.