காந்திஜி செலவுக்கே கைவிரித்த தஞ்சாவூர் ஆடிட்டர்!

"நிவாரணப் பணம் எங்கேப்பா போச்சு?" - புயலோ, வெள்ளமோ வந்து போனால் மங்களூர், விருத்தாசலம் பக்கம் டீக்கடை பெஞ்சில் முதலில் கிளம்புகிற கேள்வி இதுதான். 2011-ல் கடலூர் மாவட்டத்தைத் "தானே" புயல் புரட்டிப் போட்டதை யார் மறக்க முடியும்?

அந்தக் கேள்விக்கே இடம் வைக்காத ஒரு ஆடிட்டர் இருந்தார். பெயர் ஜே.சி.குமரப்பா. 1892-ல் தஞ்சாவூரில் பிறந்த கிறிஸ்தவர். லண்டனில் கணக்குப் படித்து, பம்பாயில் தொழில் நடத்தியவர். 1929-ல் காந்திஜியைச் சந்தித்தார். கோட்டு சூட்டு போய் கதர் வந்தது.

பூகம்பம்

1934 ஜனவரி 15-ந் தேதி பீகாரில் பயங்கர பூகம்பம். ஆயிரக்கணக்கானோர் பலி. நிவாரண கமிட்டித் தலைவர் ராஜேந்திர பிரசாத். கணக்கு பார்க்க குமரப்பாவை அழைத்தார்கள்.

மனுஷன் வந்ததுமே கயிற்றை இழுத்துப் பிடித்தார். தொண்டர் சாப்பாட்டுக்கு தினப்படி இவ்வளவுதான். மேலே ஒரு தம்பிடி கிடையாது!

அந்த சமயம் கமிட்டி கூட்டத்துக்கு காந்திஜி தன் கோஷ்டியோடு பாட்னா வந்தார். பால், பழம், மோட்டாருக்கு பெட்ரோல் என்று செலவு. நிவாரண நிதியில் இருந்து தர முடியாது என்று, காந்திஜியின் செயலாளர் மகாதேவ தேசாயிடம் குமரப்பா கறாராகச் சொல்லிவிட்டார். விஷயம் காந்திஜி காதுக்குப் போயிற்று. வீடு இடிந்தவனுக்காக ஜனங்கள் கொடுத்த காசு, விருந்தாளிக்கு அல்ல என்பது குமரப்பாவின் கட்சி. காந்திஜி ஒப்புக்கொண்டார்.

பிஷப்புக்கு கடிதம்

சொந்த சபையிடமும் இதே கறார்தான். 1930-ல் உப்பு சத்தியாக்கிரகிகளை போலீஸ் அடித்து நொறுக்கியது. ஏசு பெயரைச் சொல்லும் சபை இதைக் கண்டிக்க வேண்டாமா என்று, கல்கத்தாவில் இருந்த தலைமைப் பிஷப் வெஸ்ட்காட்டுக்கு குமரப்பா கடிதம் எழுதினார். சட்டமறுப்பு கிறிஸ்தவத்துக்கு ஒத்துவராது என்று பதில் வந்தது. ஆசாமி விடவில்லை. திருப்பி எழுதினார்.

"யங் இந்தியா" பத்திரிகையில் எழுதியதற்காக 1931-ல் ஜெயில். 1932-ல் மறுபடியும். 1942 கிளர்ச்சியிலும் பிடித்துப் போட்டார்கள்.

சட்டத்தை மீறுகிறவன் நல்ல பிரஜையா என்று கேட்கலாம். ஆனால் குமரப்பா ஒளிந்து மறைந்து எதையும் செய்யவில்லை. பேரைப் போட்டு எழுதினார், கம்பி எண்ணினார். 1942-க்குப் பிறகு ஜபல்பூர் ஜெயிலில் 2 புத்தகங்கள் எழுதினார். ஒன்று ஏசுவின் போதனை பற்றி. இன்னொன்று கிராமப் பொருளாதாரம். இரண்டுக்கும் முன்னுரை காந்திஜி!

கடைசி காலத்தை டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். 1960-ல் மதுரையில் காலமானார். தேதி, ஜனவரி 30. காந்திஜி சுடப்பட்ட அதே தேதி.