அரபுப் பிசினின் ஊர் எது?

குளிர்பானப் புட்டியிலும் மிட்டாய் உறையிலும் அச்சிடப்படும் எண்களுள் 414 என்பதும் ஒன்று. அது தாவரத்திலிருந்து வந்ததா, விலங்கிலிருந்து வந்ததா என்று வினவும் வழக்கம் நம்மிடையே உண்டு. தாவரமே என்றறிந்ததும் ஹலால் என மனம் அமைகிறோம். விசாரணையும் அத்துடன் முடிந்துவிடுகிறது. ஆனால் அவ்வெண்ணுக்குப் பின்னே ஒரு பெயரும் ஓர் ஊரும் உள்ளன.

பெயர், அரபுப் பிசின். அரபியிலும் ‘அஸ்ஸம்குல் அரபீ’ என்றே வழங்குவர். இப்பெயரைக் கேட்போர் அது அரேபியாவில் விளைவது எனக் கருதுவது இயல்பே. உண்மையில் அது சஹாராவின் தென்விளிம்பில், செனகல் முதல் ஆப்பிரிக்காவின் கீழ்க்கரை வரை நீளும் வறண்ட நிலத்தின் விளைபொருள். அங்கும் முதலிடம் சூடானுக்கே உரியது. அரபு வணிகர் கைவழியே ஐரோப்பாவை அடைந்தமையால் இப்பெயர் நிலைத்தது. விளைவித்தவர் பெயர் மறைய, விற்றவர் பெயர் எஞ்சியது எனலாம்.

சூடானின் கொர்டோஃபான் பகுதியில் ‘ஹஷாப்’ எனப்படும் முள்மரம் நம் வேலமரத்துக்கு உறவானது. மழைக்காலம் முடிந்து இலை உதிரும்போது உழவர்கள் அதன் கிளைகளில் பட்டையைக் கீற்றாக உரிக்கின்றனர். சில வாரங்களில் அக்காயத்தில் கசிந்து உறையும் கட்டிகளைக் கையால் பறிக்கின்றனர். அவை அல்உபய்யித் நகரச் சந்தைக்கு வந்து, சூடான் துறைமுகம் வழியாகக் கப்பலேறுகின்றன. பெரும்பங்கு பிரான்சு முதலிய நாடுகளில் தூய்மையாக்கப்பட்டுப் பொடியாகி, உலகெங்கும் செல்கிறது.

இப்பொடியின் பயன் யாது? குளிர்பானத்துக்கு மணமூட்டும் எண்ணெய் நீரோடு கலவாது மேலே மிதக்கும் இயல்புடையது. அதைப் பிரியவிடாமல் நிறுத்துவது இப்பிசினே. முற்கால எழுத்தர்கள் விளக்குப் புகைக்கரியை இதே பிசினில் குழைத்து மை செய்தனர். கரியைத் தாளில் பற்றச் செய்தது இதுவே. நம் கையெழுத்துச் சுவடிகள் பலவும் இதற்குக் கடன்பட்டவை.

1997இல் அமெரிக்கா சூடான்மீது வணிகத் தடை விதித்தது. அத்தடையினின்று இப்பிசினுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. வேறெங்கும் இதற்கு ஈடு எளிதில் கிடைக்காது என்பதை ஆலைகள் நன்கறிந்திருந்தன, அருந்துவோர்தாம் அறிந்திலர்.

2023 ஏப்ரல் 15இல் சூடானில் இராணுவத்துக்கும் துணைப்படைக்கும் போர் மூண்டது. பிசின் விளையும் கொர்டோஃபானும் தார்ஃபூரும் போர்க்களமாயின. உழவர் பலர் மரங்களை விட்டு அகன்றனர். வழிகளை அடைத்த ஆயுதக்காரர்கள் சரக்கின்மீது பணம் பறித்தனர். ஒரு பகுதி, அண்டை நாடுகளுக்குக் களவாகக் கடந்து, அந்நாடுகளின் சரக்காகவே விற்பனைக்கு வந்தது. பொடியானபின் அது எம்மரத்தில் கசிந்தது, எப்படைக்குக் கப்பம் கட்டி வந்தது என்பதைக் கண்ணால் கண்டறிதல் இயலாது.

உறையிலுள்ள எண் பொருளின் தன்மையைச் சொல்கிறது. அது வந்த வழியைச் சொல்வதில்லை. தாவரமா, விலங்கா என்று கேட்டறியும் நாம், எவர் உழைப்பில் விளைந்தது, எவருக்கு ஆதாயமாயிற்று என்றும் கேட்கக் கடமைப்பட்டவர்கள். வாங்குவோர் கேட்டாலன்றி விற்போர் அதை அச்சிடப் போவதில்லை.