'பல ஆண்டு வாழும்' ஸ்னாப்டிராகன்... நம் வீட்டில் வாழுமா?

பூவின் இரண்டு பக்கமும் விரலால் லேசாக அழுத்தினால் வாயைத் திறக்கும். விட்டால் மூடிக்கொள்ளும். இதைக் குழந்தைகளுக்கு ஒருமுறை காட்டிவிட்டால் போதும், செடியை விட்டு நகரவே மாட்டார்கள். அதுதான் ஸ்னாப்டிராகன். நர்சரிகளில் 'டாக் ஃபிளவர்' என்று கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள்.

ஆன்லைனில் இதன் விதையைத் தேடினால், சில பாக்கெட்டுகளில் 'ஹார்டி பெரேனியல்' என்று போட்டிருக்கும். 'எதையும் தாங்கும், பல வருஷம் பூக்கும்' என்று நம்பி வாங்குவோம். ஏப்ரல் வெயிலில் செடி கருகியதும், 'நமக்குக் கைராசி இல்லை' என்று தொட்டியைக் கவிழ்த்துவிடுவோம். கைராசி மேல் தப்பில்லை. அந்த 'ஹார்டி' என்ற வார்த்தை நம் ஊருக்காக எழுதப்பட்டதல்ல.

எதைத் தாங்கும்?

ஸ்னாப்டிராகனின் சொந்த ஊர் ஸ்பெயின், தெற்கு பிரான்ஸ் போன்ற மத்தியதரைக்கடல் பகுதி. அங்கே பாறை இடுக்கிலும் பழைய சுவர்களிலும் தானாகவே வளரும். இயல்பில் இது சில ஆண்டுகள் வாழும் செடிதான். பனி கொட்டும் நாடுகளில் கடுங்குளிர் இதைக் கொன்றுவிடும். அதனால் அங்குள்ளவர்கள் குளிரைத் தாங்கும் வகைகளைத் தேடித் தேடி வளர்க்கிறார்கள். அவற்றுக்கு வைத்த அடைமொழிதான் 'ஹார்டி'. அதாவது, குளிரைத் தாங்கும் என்று அர்த்தம். மே மாத வெயிலைத் தாங்கும் என்று அர்த்தமல்ல.

மலையில் இருப்பவர்களுக்கு

ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் வாசிகளுக்கு யோகம்தான். சாதாரண ஸ்னாப்டிராகனே இரண்டு, மூன்று வருடம் நிற்கும். ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும், தரையிலிருந்து அரை அடி விட்டுக் கவாத்து செய்து, மண்புழு உரம் கொடுங்கள். புதுத் தளிர் வரும். வருடம் ஆக ஆக அடித்தண்டு மரம்போல இறுகி, பூ குறையும். அதற்குள் பூக்காத இளந்தண்டுகளை வெட்டி நட்டுப் புதுச்செடி எடுத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் வேரில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்வது முக்கியம்.

சமவெளியில் இருப்பவர்களுக்கு

சென்னை, மதுரை, திருச்சியில் இது ஒரு பருவத்துச் செடி. அக்டோபரில் விதைத்தால் ஜனவரி, பிப்ரவரியில் பூ பார்க்கலாம்.

* விதை தூசுபோல இருக்கும். காய்ந்த மணலுடன் கலந்து, ஈரமான தென்னைநார்க் கழிவின் மேல் தூவுங்கள். முளைக்க வெளிச்சம் வேண்டும் என்பதால் மண் போட்டு மூடக் கூடாது. தெளிப்பானால் மட்டும் தண்ணீர் விடுங்கள்.
* 10 முதல் 14 நாளில் முளைக்கும். வடகிழக்குப் பருவமழை நேரம் என்பதால் நாற்றுகள் கூரையின் கீழ் இருக்கட்டும்.
* ஆறு இலை வந்ததும் 8 அங்குலத் தொட்டிக்கு மாற்றுங்கள். செம்மண், மணல், மண்புழு உரம் கலந்த, தண்ணீர் வடியும் மண் போதும். தினமும் ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும்.
* செடி நான்கு அங்குலம் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளைகள் வெடித்து, கொத்துக் கொத்தாகப் பூக்கும்.
* காலையில், வேரோரம் மட்டும் தண்ணீர் விடுங்கள். இலை நனைந்தே இருந்தால் துரு நோய் வரும். இலையின் அடியில் பழுப்புப் பொடி தெரிந்தால், அந்த இலைகளைப் பறித்துக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம்.
* வாடிய பூத்தண்டை உடனே வெட்டினால் அடுத்த தண்டு வரும். கடைசியில் ஒரு தண்டை மட்டும் காயவிடுங்கள். குட்டி மண்டையோடு போன்ற காய்களில் அடுத்த வருட விதை இருக்கும். ஹைபிரிட் செடியாக இருந்தால் மட்டும், அதே நிறம் திரும்ப வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

வெயில் ஏறியதும் செடி ஓய்ந்துவிடும். வருத்தப்படாமல் பிடுங்கிவிடுங்கள்.

வருடம் முழுக்கப் பூ வேண்டுமா?

அப்படியானால் 'ஏஞ்சலோனியா' வாங்குங்கள். 'கோடைக்கால ஸ்னாப்டிராகன்' என்று இதற்குப் பெயரே உண்டு. தாவரவியலில் இரண்டும் ஒரே குடும்பம். ஆனால் இது வெப்பமண்டல அமெரிக்கச் செடி என்பதால் நம் வெயில் இதற்குப் பிடிக்கும். ஊதா, வெள்ளை, இளஞ்சிவப்பில் சரமாகப் பூக்கும். நுனித்தண்டை வெட்டி நட்டாலே வேர் பிடிக்கும். அவ்வப்போது கவாத்து செய்தால் ஒரே செடி பல மாதங்கள் தாண்டியும் நிற்கும். அழுத்தினால் வாய் திறக்காது என்பது மட்டும்தான் குறை.

அடுத்த முறை விதை பாக்கெட்டில் 'தாங்கும்' என்று பார்த்தால், குளிரையா, வெயிலையா என்று விற்பவரிடம் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.