மதுபோதைத் தகராறுகளில் விளையாட்டு வீரர்களின் தற்காப்பு உரிமை

தை அறுவடைக்குப் பின் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்ட ஊர்களில் இரவில் விளக்கு வெளிச்சத்தில் கபடிப் போட்டிகள் நடக்கும். களத்துக்குள் எதிராளியின் காலைப் பிடித்து மடக்குவது ஆட்டம். குடித்துவிட்டு அதே பிடியைத் தெருவில் போட்டால் அது வழக்கு. அப்போது பெரும்பாலும் சொல்லப்படும் பதில், "அவன்தான் முதலில் அடிக்க வந்தான்" என்பது. சட்டத்தில் இதற்கு இடம் உண்டு. ஆனால் எல்லையும் உண்டு.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பேசுகின்றன. தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. காவல்துறையை நாட அவகாசம் இருந்தால் இந்த உரிமை கிடையாது. கீழே விழுந்தவனை, ஓடுபவனைத் துரத்தி அடிப்பது தற்காப்பில் சேராது. தாக்க வருபவர் போதையில் இருந்தாலும் அவரைத் தடுக்கும் உரிமை மற்றவருக்கு உண்டு என்கிறது 36ஆம் பிரிவு.

அடித்தவரே குடித்திருந்தால்? தானாக விரும்பிக் குடித்தவருக்கு, நிதானத்தில் இருப்பவருக்கு உள்ள அறிவு இருந்ததாகவே சட்டம் கொள்ளும். கல்யாண வீட்டில் இருக்கையை விட்டு நகராத சிறுவனைப் போதையில் சுட்டுக் கொன்ற ஓய்வுபெற்ற ஜமேதாரின் கொலைத் தண்டனையை 1956இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. நோக்கமே உருவாக முடியாத அளவு போதை இருந்ததாக அவரால் காட்ட முடியவில்லை.

பயிற்சி பெற்ற உடலுக்குப் பொறுப்பு கூடும் என்பதற்கு, மது சம்பந்தப்படாத ஒரு வழக்கே முக்கியச் சான்று. 1988 டிசம்பரில் பாட்டியாலாவில் நடந்த சாலைத் தகராறில் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து அடித்த 65 வயது முதியவர் இறந்தார். 2018இல் உச்சநீதிமன்றம் 1,000 ரூபாய் அபராதத்தோடு விட்டது. 2022 மே மாதம் அதே நீதிமன்றம் மறுஆய்வில் ஓராண்டுச் சிறை விதித்தது. குத்துச்சண்டை வீரர், மல்யுத்த வீரர், கிரிக்கெட் வீரர் போன்றோரின் கையே ஆயுதமாகலாம் என்று அப்போது அது குறிப்பிட்டது.

நீதிமன்றத்தில் வெல்வது மட்டும் போதாது. 2017 செப்டம்பரில் பிரிஸ்டல் நகரில் கேளிக்கை விடுதிக்கு வெளியே நடந்த அடிதடியில் இங்கிலாந்து வீரர் பென் ஸ்டோக்ஸ் தற்காப்பு வாதத்தை முன்வைத்தார். 2018 ஆகஸ்டில் நடுவர் குழு அவரைக் குற்றமற்றவர் என்றது. அதற்குள் ஆஷஸ் தொடர் கைநழுவியிருந்தது. பின்னர் கிரிக்கெட் ஒழுங்கு ஆணையமும் தடையும் அபராதமும் விதித்தது.

டெல்டா கபடி வீரருக்கு இழப்பு வேறு வகை. விளையாட்டு ஒதுக்கீட்டில் காவலர் வேலைக்குப் போவது பலரின் கனவு. தமிழ்நாடு காவல் பணி விதிகளோ, சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரையும் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதுகின்றன.