தொழில் நின்றுபோகாமல் இருக்க

கேரளத்தில் சேந்தமங்கலம் என்று ஓர் ஊர் இருக்கிறது. நாமக்கல் பக்கம் உள்ள சேந்தமங்கலம் அல்ல. இது எர்ணாகுளம் மாவட்டத்தில், வடக்குப் பறவூருக்கு அருகில் உள்ள ஊர். கைத்தறி வேட்டிக்கும் சேலைக்கும் பேர் போன ஊர்.

2018-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். ஓணம் பண்டிகைக்குப் பத்து நாள்தான் இருந்தது. நெசவாளர் சங்கங்களில் புதுத் துணிகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஓணத்துக்குத்தான் அங்கே நல்ல விற்பனை. அந்த நேரத்தில் வெள்ளம் வந்தது. 1924-க்குப் பிறகு கேரளம் அப்படி ஒரு வெள்ளத்தைப் பார்த்ததில்லை. தறிக்குழிகளில் சேறு நிரம்பியது. தறி மரம் ஊறிப்போனது. நூலும் நெய்த துணியும் சேற்றில் மூழ்கின.

அப்போது சிலர் உதவிக்கு வந்தார்கள். கறை படிந்த சேலைகளைக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்தார்கள். துண்டு துண்டாக வெட்டிச் சின்னப் பொம்மைகள் செய்தார்கள். 'சேக்குட்டி' என்று பெயர் வைத்தார்கள். சேற்றில் பிறந்த குழந்தை என்று அர்த்தம். ஒரு சேலையில் 360 பொம்மைகள் வந்தன. ஒரு பொம்மை 25 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சேலைக்கு 9,000 ரூபாய்! நல்ல நிலையில் விற்றிருந்தால்கூட அந்தச் சேலைக்கு இவ்வளவு கிடைத்திருக்காது.

நல்ல கதைதான். ஆனால் எல்லா ஊருக்கும் இப்படி ஒரு பொம்மை கிடைக்காது. வெள்ளம் வந்த பிறகு யோசிப்பது ஒன்று. வருவதற்கு முன்பே யோசித்து வைப்பது வேறு. பெரிய கம்பெனிகள் இதற்காக ஒரு திட்டம் எழுதி வைத்திருக்கின்றன. பத்துப் பேர் வேலை செய்யும் சிறு தொழிலுக்கும் அது வேண்டும்.

அதே பக்கத்தில், ஆற்றங்கரையில் ஒரு தையல் கூடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்துப் பெண்கள் வேலை செய்கிறார்கள். ஓர் அம்மா அதை நடத்துகிறார். எல்லோரும் அவரைச் 'சேச்சி' என்று கூப்பிடுகிறார்கள். மலையாளத்தில் சேச்சி என்றால் அக்கா.

சேச்சி முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: எது நின்றால் தொழில் நிற்கும்? எத்தனை நாள் தாங்கும்?

மின்சாரம் இரண்டு நாள் இல்லை என்றால் தாங்கலாம். நான்கு மெஷினுக்குக் காலால் மிதிக்கும் பெடல் இருந்தால் இன்னும் சில நாள் ஓட்டலாம். நூல் தரும் கடை மூழ்கிவிட்டால், வேறு ஊரில் இன்னொரு கடையின் முகவரி வேண்டும். கூலி நின்றால்? ஒருவருக்கு நாளுக்கு 400 ரூபாய் என்றால் பத்துப் பேருக்கு 4,000 ரூபாய். பத்து நாளுக்கு 40,000 ரூபாய். அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். கூலி இல்லாவிட்டால் தையல்காரர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். மெஷினைக் கடன் வாங்கி வாங்கலாம். பழகிய கையை அப்படி வாங்க முடியாது.

கணக்கு நோட்டு போனால் அது பெரிய நஷ்டம். யார் எவ்வளவு தர வேண்டும், யாருடைய துணி எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல ஆள் இருக்காது. ஆகவே வாரம் ஒரு முறை நோட்டின் பக்கங்களைக் கைப்பேசியில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்ப வேண்டும்.

இதையெல்லாம் சேச்சி ஒரு தாளில் எழுதிவிட்டார். திட்டம் தயார். இனிக் கவலை இல்லை என்று நினைக்கலாம். இங்கேதான் பலரும் ஏமாந்து போகிறார்கள். எழுதிய திட்டம் வேலை செய்யுமா என்று செய்து பார்த்தால்தான் தெரியும்.

எப்படிச் செய்து பார்ப்பது? ஒரு திங்கட்கிழமை சேச்சி கூடத்துக்கு வரக்கூடாது. போனிலும் பேசக்கூடாது. 'இன்று காலை இடுப்பளவு தண்ணீர் வந்துவிட்டது' என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அப்போது ஒவ்வொன்றாக வெளியே வரும். திட்டத் தாள் எங்கே? பீரோவில். பீரோ சாவி? சேச்சியிடம். தொலைபேசி எண்கள் எங்கே? சேச்சியின் போனில். வங்கியில் பணம் எடுக்க வேண்டும். கையெழுத்துப் போட சேச்சி ஒருவருக்குத்தான் அதிகாரம். துணி மூட்டைகளை மேலே தூக்க வேண்டும். மேல் பரணில் பழைய சாமான் நிறைந்திருக்கிறது. இந்த ஓட்டைகள் ஒரு சாதாரண திங்கட்கிழமையில் தெரிந்தால் நல்லதுதான்.

சாவி இன்னொருவரிடமும் இருக்க வேண்டும். வங்கிக் கணக்கில் இரண்டாவது ஆளுக்கும் கையெழுத்து அதிகாரம் வேண்டும். எண்களைத் தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, மூன்று வீடுகளில் வைக்க வேண்டும். அதில் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, அவசர உதவி எண் 112 இரண்டும் இருக்கட்டும். வானிலை அறிவிப்பில் ஆரஞ்சு எச்சரிக்கை வந்தவுடன் மூட்டைகள் பரணுக்குப் போக வேண்டும். சிவப்பு வரும்வரை காத்திருக்கக் கூடாது.

காப்பீட்டுத் தாளையும் அன்றே எடுத்துப் படிக்க வேண்டும். பலர் பணம் கட்டுவார்கள், படிக்க மாட்டார்கள். சிறு தொழில்களுக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற காப்பீடு 2021 ஏப்ரல் முதல் இருக்கிறது. ஓர் இடத்தில் உள்ள சொத்தின் மதிப்பு 5 கோடி ரூபாய் வரை இருந்தால் இதை எடுக்கலாம். தீயும் வெள்ளமும் இதில் அடங்கும். ஆனால் தைப்பதற்காக மற்றவர்கள் கொடுத்த துணி இதில் சேருமா? முகவரிடம் கேட்டு, எழுத்தில் வாங்க வேண்டும். தேதி முடிந்துவிட்டதா என்றும் பார்க்க வேண்டும்.

வெள்ளம் வடிந்த பிறகு செய்ய வேண்டியதும் திட்டத்தில் இருக்கட்டும். உடனே கழுவ ஆரம்பித்துவிடக் கூடாது. முதலில் எல்லாவற்றையும் படம் எடுக்க வேண்டும். காப்பீட்டுக் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் அனுப்பும் ஆள் வந்து நஷ்டத்தைப் பார்ப்பார். நனைந்த மோட்டாரை மின்பணியாளர் பார்க்கும் முன்பு யாரும் போடக்கூடாது. உயிர் போய்விடும். கடன் இருந்தால் வங்கிக்குப் போய்த் தவணையைத் தள்ளிவைக்கக் கேட்கலாம். பேரிடர் தாக்கிய இடங்களில் இதற்கு ரிசர்வ் வங்கியின் விதிகள் இடம் தருகின்றன.

துணி கொடுத்தவர்களுக்கும் அன்றே தகவல் போக வேண்டும். 'இத்தனை நஷ்டம், இத்தனை நாளில் தருகிறோம்' என்று உண்மையைச் சொன்னால் பலர் காத்திருப்பார்கள். பதிலே வராவிட்டால் வேறு கூடத்தைத் தேடிப் போவார்கள்.

இரண்டாவது ஒத்திகையில் சேச்சி கூடத்தில் இருக்கலாம். அன்று கணக்கு எழுதும் பெண் வராமல் இருந்து பார்க்கட்டும். ஒத்திகையை மே மாதத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஜூன் பிறந்தால் கேரளத்தில் மழை தொடங்கிவிடும்.