‘நீ படி, மத்ததை நாங்க பாத்துக்கறோம்’

ஜூலை மாதத்தில் ஏதாவது ஒரு சின்ன ஊரின் இ-சேவை மையத்துக்குப் போய்ப் பாருங்கள். பொறியியல் கலந்தாய்வுக்கு ‘சாய்ஸ்’ நிரப்பக் குடும்பம் குடும்பமாக வந்து நிற்பார்கள். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குப் போட்டுப் பார்த்த கட்-ஆஃப் ஒரு துண்டுச் சீட்டில் இருக்கும். கணினி முன்னால் மையத்துக்காரர் உட்கார்ந்திருப்பார். அவர் தோளுக்குப் பின்னால் சித்தப்பா, போனில் சென்னையில் வேலை பார்க்கும் மாமா மகன். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்ற பேச்சு முழுக்க அவர்களுக்குள் நடக்கும். நான்கு வருடம் படிக்கப் போகிறவர் ஓ.டி.பி. வரும் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நிற்பார். 2018-ல் கலந்தாய்வு இணையத்துக்கு வருவதற்கு முன்பு, இதே குடும்பங்கள் பஸ் ஏறி அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம் வரை போய் இதையே செய்துகொண்டிருந்தன.

இதைப் பார்த்துவிட்டு, ‘பிள்ளைகளின் விருப்பத்தைக் கேட்காத பெற்றோர்’ என்று எழுதிவிடுவது சுலபம். உளவியல் ஆய்வுகளைப் படித்தால் அப்படி எழுத முடியாது. பதினேழு வயதில் பிரிவை யார் தேர்ந்தெடுத்தார் என்பதைவிட, அடுத்த நான்கு வருடங்களில் வீடு அந்தப் பிள்ளையிடம் எப்படி நடந்துகொண்டது என்பதுதான் அவர் எந்த வேலைக்குப் போகிறார், அந்த வேலையில் எப்படி இருக்கிறார் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. 2021-22-ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி இங்கே உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாடு முழுவதற்கும் அது 28.4. இப்படிச் சேர்ந்தவர்களில் ஏராளமானோர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். அவர்களுக்குக் கல்விக் கட்டணச் சலுகையை 2010-11-லேயே மாநில அரசு கொண்டுவந்தது. ஆக, கல்லூரி வாசலையே மிதித்திராத பெற்றோர், தங்களுக்குத் தெரியாத ஓர் உலகத்துக்குப் பிள்ளையை வழியனுப்புகிறார்கள். அவர்களால் என்ன செய்ய முடியும், எது பிள்ளையைக் கெடுத்துவிடும் என்பது இங்கே லட்சக்கணக்கான வீடுகளின் பிரச்சினை.

பெற்றோர் வளர்ப்பு பற்றிய பேச்சை எடுத்தாலே பலரும் டயானா பாம்ரிண்டில் தொடங்குவார்கள். 1960-களில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பாலர் பள்ளிக் குழந்தைகளையும் அவர்கள் வீடுகளையும் ஆராய்ந்து, பெற்றோரை மூன்று வகையாகப் பிரித்தவர் அவர். கண்டிப்பும் அரவணைப்பும் சேர்ந்தவர்கள், கண்டிப்பு மட்டும் உள்ளவர்கள், கண்டிப்பே இல்லாதவர்கள். 1983-ல் மெக்கோபியும் மார்ட்டினும் கண்டுகொள்ளாத பெற்றோரையும் சேர்த்து நான்காக்கினார்கள். முன்னோடி ஆய்வுதான். ஆனால் நம் வீடுகளை இந்த நான்கு பெட்டிக்குள் அடைத்துப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நைட் ஷிஃப்ட் முடித்துக் காலையில் வந்து படுக்கும் ஸ்பின்னிங் மில் தொழிலாளி தன் மகளின் செமஸ்டர் பாடங்களைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் இருக்கலாம். அவரைக் கண்டுகொள்ளாத பெற்றோர் என்று எந்த மனசாட்சியோடு சொல்வது?

இதைவிட நமக்கு அதிகம் உதவுவது எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் 1980-களில் முழு வடிவம் கொடுத்த கோட்பாடு. ஊக்கம் எவ்வளவு இருக்கிறது என்று அவர்கள் அளந்ததோடு நிற்கவில்லை. அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டார்கள். ஒரு கல்லூரியில் மூன்றாம் ஆண்டு கோடிங் பயிற்சி வகுப்பை எடுத்துக்கொள்வோம். ஒரே பெஞ்சில் நான்கு பேர். ஒருவர் வந்திருப்பது வராவிட்டால் வருகைப்பதிவு போய்விடும் என்பதற்காக. இரண்டாமவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் வேலை கிடைக்காமல் ஊருக்குப் போனால் அப்பா முகத்தில் எப்படி முழிப்பது என்ற பயம் அவரை உட்கார வைத்திருக்கிறது. மூன்றாமவருக்கு கோடிங் ஒன்றும் பிடித்தமானதல்ல, ஆனாலும் இந்த வேலை கிடைத்தால் தன் வாழ்க்கை மாறும் என்று யோசித்துத் தெளிந்து வந்திருக்கிறார். நான்காமவர், நேற்று ராத்திரி ஓடாத புரோகிராம் ஏன் ஓடவில்லை என்று தெரிந்துகொள்ளும் தவிப்பில் இருக்கிறார். நான்கு பேரின் வருகையும் பதிவேட்டில் ஒன்றுபோலத்தான் இருக்கும். முதல் நேர்காணலில் நிராகரிக்கப்பட்ட பிறகு யார் தொடர்ந்து முயல்வார் என்பதில்தான் வித்தியாசம் தெரியும். மூன்றாமவரும் நான்காமவரும் தாக்குப்பிடிக்கும் வாய்ப்பு அதிகம். இரண்டாமவர் யாரையும்விடக் கடுமையாக உழைப்பார், சட்டென்று உடைந்தும் போவார்.

நம் வீடுகள் அதிகமாக உருவாக்குவது இந்த இரண்டாமவரைத்தான். அதனால் அவர்மீது எனக்கு அக்கறை கூடுதல்.

அதற்காக, பெற்றோர் ஒதுங்கிக்கொண்டு எல்லாவற்றையும் பிள்ளையிடம் விட்டுவிட வேண்டுமா? ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் 1999-ல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் நிதானிக்கச் சொல்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் ஏழு முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளிடம் எழுத்துகளை மாற்றியடுக்கிச் சொல் கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். சிலருக்குப் புதிரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு. சிலருக்கு ஆய்வாளர் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். மற்றவர்களிடம், ‘இது உன் அம்மா தேர்ந்தெடுத்தது’ என்று சொல்லப்பட்டது. ஐரோப்பிய வம்சாவளிக் குழந்தைகள் தாங்களே தேர்ந்தெடுத்தபோது நன்றாகச் செய்தார்கள். ஆசிய வம்சாவளிக் குழந்தைகளோ அம்மா தேர்ந்தெடுத்தது என்று கேட்டபோதுதான் அதிகப் புதிர்களை விடுவித்தார்கள், அதிக நேரம் விரும்பி விளையாடினார்கள். யாரோ ஓர் ஆய்வாளர் தேர்ந்தெடுத்தபோது அந்த உற்சாகம் அவர்களிடமும் இல்லை.

அந்தக் குழந்தைகளின் வேர்கள் சீனாவிலும் ஜப்பானிலும் இருந்தன. அவர்களை அப்படியே நம் பிள்ளைகளாக எடுத்துக்கொள்ள முடியாதுதான். ஆனாலும் இந்த முடிவைப் படிக்கிற எந்தத் தமிழ் வாசகருக்கும் தெரிந்த முகம் ஒன்று நினைவுக்கு வரும். முதல் சம்பளத்தில் அம்மாவின் அடகு நகையை மீட்ட பையன், தம்பியின் பீஸைக் கட்டிவிட்டுத்தான் தனக்கு லேப்டாப் வாங்கிய பெண். இவர்களிடம் போய், ‘உன் சொந்த ஆசை என்ன?’ என்று கேட்டால் குழம்பிப்போவார்கள். குடும்பத்தை நிமிர்த்துவதுதான் அவர்களின் சொந்த ஆசை. டெசி-ரயன் கோட்பாட்டிலும் இதற்கு இடம் இருக்கிறது. பிறருக்காகச் செய்வதும், மனம் ஒப்பிச் செய்தால், தன் விருப்பம்தான். ‘அம்மாவுக்காக’ என்று ஒருவர் சொல்லும்போது அதில் இருப்பது பிரியமா பயமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பயமாக அது மாறும் விதத்தை அவி அசோர், கை ராத், எட்வர்ட் டெசி மூவரும் 2004-ல் விளக்கினார்கள். கல்லூரி மாணவர்களிடம், எதிர்பார்த்ததைச் செய்தால் பெற்றோரின் அன்பு கூடுவதையும் செய்யாவிட்டால் குறைவதையும் உணர்ந்தீர்களா என்று விசாரித்தார்கள். அப்படி உணர்ந்தவர்கள் பெற்றோர் விரும்பியதைச் செய்யத்தான் செய்தார்கள். ஆனால் உள்ளுக்குள் ஒரு கட்டாயம் அவர்களைத் துரத்தியது. வெற்றியின் மகிழ்ச்சி சீக்கிரமே வடிந்தது. பெற்றோர் மீது மனக்கசப்பும் சேர்ந்தது.

நம் ஊரில் அன்பைக் குறைத்துக் காட்ட யாரும் பெரிதாக எதுவும் செய்வதில்லை. அரியர் விழுந்த செய்தி வந்ததும் அப்பா இரண்டு நாள் பேசமாட்டார். அம்மா தட்டில் சோற்றை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு, ‘நீ வர வேணாம், வந்தா எல்லாரும் கேப்பாங்க’ என்பார்கள். அடிதடி இல்லை, திட்டு இல்லை. இதன் விளைவு அடுத்த செமஸ்டரில் தெரியும்: பிள்ளை அரியரை மறைக்கத் தொடங்கும். இன்டர்ன்ஷிப் கிடைக்காததை மறைக்கும். ‘எனக்கு இந்தப் பிரிவே பிடிக்கல’ என்பதையும் மறைக்கும். உதவி தேவைப்படுகிற நேரத்தில் வீடுதான் கடைசியாகத் தகவல் தெரியும் இடமாகிவிடுகிறது.

மறைக்கிற பிள்ளையால் தேட முடியாது என்பது இதன் இன்னொரு பக்கம். ஜேம்ஸ் மார்சியா 1966-லேயே இளைஞர்களின் அடையாளத் தேடலை ஆராயும்போது, எதையும் தேடிப் பார்க்காமல் பெற்றோர் கொடுத்த முடிவையே தன் முடிவாகப் பூட்டிக்கொள்ளும் ஒரு நிலையைக் குறித்திருந்தார். வெளியிலிருந்து பார்த்தால் இவர்கள் தெளிவானவர்களாகத் தெரிவார்கள். இருபத்தைந்து, முப்பது வயதில்தான் பூட்டு உடையும். சாஃப்ட்வேர் வேலையைத் திடீரென்று விட்டுவிட்டு டி.என்.பி.எஸ்.சி. பயிற்சி மையத்தில் வந்து உட்காருகிறவர்களில் சிலரின் கதை இதுதான். கல்லூரிக் காலத்திலேயே தேட விட்டிருந்தால் அந்தக் கேள்வியைக் குறைந்த செலவில் கேட்டு முடித்திருப்பார்கள்.

வேலைத் தேடலில் பெற்றோர் நடந்துகொள்ளும் விதத்தை ஜெர்மனியில் யூலியா டீட்ரிஷும் பெர்பெல் கிராக்கேவும் 2009-ல் மூன்றாகப் பார்த்தார்கள்: துணை நிற்பது, தலையிடுவது, ஒதுங்கியிருப்பது. தலையீடும் ஒதுங்கலும் எதிரெதிரானவை என்றுதான் நாம் நினைப்போம். அந்த ஆய்விலோ இரண்டுமே பிள்ளைகள் முடிவெடுக்கத் திணறுவதோடு தொடர்புடையவையாக இருந்தன. ‘நீ படி, மத்ததை நாங்க பாத்துக்கறோம்’ என்ற வாக்கியத்தை இந்த வெளிச்சத்தில் யோசிக்கலாம். வயலை விற்றாவது, வட்டிக்கு வாங்கியாவது படிக்க வைப்போம் என்ற உறுதி அதில் இருக்கிறது. முதல் வருடத்தில் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பலம் கிடையாது. ஆனால் அந்த ‘மத்தது’ என்னவென்று மூன்றாம் வருடத்தில் கேட்க வேண்டியிருக்கிறது. எந்த ஊருக்குப் போவது, எந்தச் சம்பளத்துக்கு ஒப்புக்கொள்வது, மேலே படிப்பதா, கடன் எவ்வளவு இருக்கிறது, அதை யார் எப்போது அடைப்பது. இவற்றையும் பெற்றோரே பார்த்துக்கொண்டால் இருபத்தோரு வயதில் பிள்ளையிடம் மார்க் பட்டியல் மட்டும்தான் இருக்கும். வீட்டுக் கடனின் உண்மையான தொகையைப் பிள்ளையிடம் சொல்வது பாரம் ஏற்றுவதாகாது, பழி சுமத்தும் குரலில் சொல்லாதவரை. தொகை தெரியாத பிள்ளைதான் இருப்பதைவிடப் பெரிதாகக் கற்பனை செய்துகொண்டு பயப்படும்.

தன்னம்பிக்கை எப்படி வருகிறது என்று ஆல்பர்ட் பண்டுரா 1977-ல் சொன்னதில், நம் சூழலில் நிறைவேறாமல் போவது ஒன்று இருக்கிறது. தானே செய்து வென்ற அனுபவத்துக்கு அடுத்து, தன்னைப் போன்ற ஒருவர் செய்து வென்றதைப் பார்ப்பது முக்கியம் என்றார் அவர். முதல் பட்டதாரிக்கு வீட்டில் அப்படி ஒருவர் இல்லை. ‘உன்னால முடியும்’ என்று அம்மா சொல்லலாம். குழு விவாதத்தில் ஆங்கிலம் தடுமாறும்போது எப்படிச் சமாளிப்பது என்று அம்மாவால் காட்ட முடியாது. அதே ஒன்றியத்திலிருந்து, அதே அரசுப் பள்ளியில் படித்து, மூன்று வருடம் முன்பு வேலைக்குப் போன ஓர் அக்காவால் முடியும். 2022 மார்ச் 1-ல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் திறன் பயிற்சியைக் கல்லூரிப் பாடத்திட்டத்தோடு இணைத்திருக்கிறது. நல்ல காரியம். அந்த அக்காவையும் அண்ணனையும் வகுப்பறைக்கு அழைத்துவரும் வேலையைக் கல்லூரிகள் செய்தால் அதன் பலன் கூடும்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு தடை இருக்கிறது. படிப்புக்கு இப்போது பெரும்பாலான வீடுகளில் மறுப்பு வருவதில்லை. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் ‘புதுமைப் பெண்’ திட்டம் 2022 செப்டம்பரில் வந்தபின் அந்த மனமாற்றத்துக்கு இன்னும் வலுச் சேர்ந்தது. மறுப்பு வருவது நான்காம் வருடக் கடைசியில். பெங்களூரில் சேரச் சொல்லி ஆஃபர் லெட்டர் வரும்போது, ‘அவ்வளவு தூரம் எதுக்கு? பக்கத்துல ஏதாவது பாரு’ என்று பேச்சு ஆரம்பிக்கும். கூடவே வரன் பேச்சும். நான்கு வருடமும் ‘நல்லாப் படி’ என்று சொன்ன அதே குரல்தான் இதையும் சொல்கிறது என்பதால் அந்தப் பெண்ணுக்கு எதிர்த்துப் பேசவும் வாய் வராது. வெளியூர் வேலைக்கு அனுப்புவதா என்ற கேள்வியை ஆஃபர் வந்த பிறகு கேட்பது அநியாயம். இரண்டாம் வருடத்திலேயே பேசிவிட்டால், எந்த ஊரில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி இருக்கிறது, யார் துணைக்கு இருக்கிறார்கள் என்று விசாரிக்கவாவது அவகாசம் கிடைக்கும்.

இத்தனையும் பெற்றோர் தலையிலேயே கட்டவேண்டியதில்லை. பல கல்லூரிகளில் பெற்றோர் கூட்டம் என்றால் வருகைப்பதிவும் அரியரும்தான் பேச்சு. பிள்ளைக்கு முன்னால் குறைகளைக் கேட்டுத் தலைகுனிந்து திரும்புகிற அப்பா, அன்று இரவு வீட்டில் என்ன பேசுவார் என்பது தெரிந்ததே. அந்தக் கூட்டத்தை ஐந்தாம் செமஸ்டருக்கு முன்னால், கூலி போகாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வைக்கலாம். பிளேஸ்மென்ட் அலுவலர் தமிழில் பேசட்டும். சி.டி.சி. என்று போடும் தொகைக்கும் மாதம் கையில் வரும் சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசம், பாண்ட் என்று கையெழுத்து வாங்குவது எதற்கு, ஆஃபர் லெட்டர் வந்த பிறகும் சேரும் தேதி சில நேரம் மாதக்கணக்கில் தள்ளிப்போவது ஏன், அது பிள்ளையின் தவறு இல்லை என்பது எப்படி என்றெல்லாம் அவர் விளக்கட்டும். பெற்றோர் கேள்வி கேட்கட்டும். பிள்ளைகளும் அதே அறையில் உட்கார்ந்து அந்தக் கேள்விகளைக் கேட்கட்டும்.