நடுத்தரமா, நடுத்தர அளவா?

தில்லியில் வாழும் மாணவி ஒருத்தி, மதுரையில் இருக்கும் தன் பாட்டிக்குக் கடிதம் எழுதினாள். "நாங்கள் புது வீட்டிற்குக் குடிவந்துவிட்டோம். வீடு நடுத்தரமானது" என்று அதில் குறிப்பிட்டாள். பாட்டியிடமிருந்து விரைவில் மறுமொழி வந்தது. "மழைக்கு ஒழுகுமா, கண்ணு? சுவரில் விரிசல் இருக்கிறதா? அப்பாவிடம் சொல்லி வேறு வீடு பார்க்கச் சொல்."

மாணவி சொல்ல எண்ணியது வேறு. 'மீடியம் சைஸ்டு' என்னும் ஆங்கிலப் பெயரடையே அவள் மனத்தில் இருந்தது. பெரிதும் அன்று, சிறிதும் அன்று, இடைப்பட்ட அளவுடையது என்பது அதன் பொருள். அதில் இரு பகுதிகள் உள்ளன. 'மீடியம்' என்பது இடைநிலையைக் குறிக்கும். 'சைஸ்டு' என்பது அளவுடைய என்னும் பொருளைத் தரும். மாணவி முதற்பகுதியை மட்டும் தமிழாக்கி, அளவைச் சுட்டும் பகுதியை விட்டுவிட்டாள்.

'தரம்' என்னும் சொல் ஒரு பொருளின் மதிப்பையும் உணர்த்தும். ஆகவே, 'நடுத்தரமான வீடு' என்பதற்குச் சிறப்பில்லாத, சுமாரான வீடு என்றும் பொருள்கொள்ள இடமுண்டு. 'நடுத்தர அளவுள்ள வீடு' என்று எழுதினால் ஐயம் எழாது.

'மீடியம்' வரும் இடமெல்லாம் 'நடுத்தரம்' பொருந்தாது. 'இங்கிலீஷ் மீடியம்' என்பதைத் தமிழில் 'ஆங்கில வழி' என்பர்.

நடுத்தர அளவு என்பது எல்லாப் பொருளுக்கும் ஒன்றன்று. நடுத்தர அளவுள்ள பூசணிக்காய், நடுத்தர அளவுள்ள எலுமிச்சம்பழத்தைவிடப் பன்மடங்கு பெரியது. ஒவ்வொன்றையும் அதன் இனத்தோடு ஒப்பிட்டே அளவைச் சொல்கிறோம்.

துல்லியம் வேண்டும் இடங்களில் அளவை எண்ணால் வரையறுப்பர். இந்திய வேளாண் கணக்கெடுப்பில் 4 ஹெக்டேர் முதல் 10 ஹெக்டேருக்குள் நிலத்தில் பயிர்செய்வோர் நடுத்தர உழவர் எனப்படுவர். பாசனத் திட்டங்களுள் 2,000 ஹெக்டேருக்கு மேல் 10,000 ஹெக்டேர் வரை பாசனப் பரப்புடையவை நடுத்தரத் திட்டங்கள். இங்கு அளவே பேசப்படுகிறது என்பதை எண்கள் தெளிவாக்குகின்றன.

மாணவி மீண்டும் எழுதினாள்: "பாட்டி, எங்கள் வீடு நடுத்தர அளவுள்ளது. இரண்டு படுக்கையறைகள் இருக்கின்றன. மழைக்கு ஒழுகாது. நீங்கள் வந்தால் என் அறையிலேயே தங்கலாம்."

பயிற்சி

1. 'நடுத்தரமான பள்ளி', 'நடுத்தர அளவுள்ள பள்ளி' ஆகியவற்றின் பொருள் வேறுபாட்டை எழுதுக.
2. உம் வீட்டிலுள்ள நடுத்தர அளவுள்ள பொருள்கள் மூன்றைக் குறிப்பிட்டு, எவற்றோடு ஒப்பிட்டு அவ்வாறு கூறுகிறீர் என விளக்குக.